மதகில் குறுக்கே நின்ற வண்டி

இன்று காலை ஜன்னல் வழியாக நல்லெண்ணெய் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டுத் தம்பி புதுக் கார் வாங்கியிருக்கிறான். திருநள்ளாற்றில் பூசை போட்டுவிட்டு வந்தவன், மிச்ச எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தான். உங்கள் நினைவு வந்தது. கூடவே அந்தப் பழைய கோபமும் வந்தது. நமக்கெல்லாம் வயதானது, அதற்கு மட்டும் ஆகவில்லை.

நம் வண்டியைப் பார்த்து ஊரே சிரித்தது. ஜவுளிக்கடை வைத்திருந்த மனிதர், ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே பலகைக் கட்டில் அடித்து, மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து, தண்ணீருக்கு டிரம் கட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "அக்கா வீடு கேட்டுச்சு, அத்தான் சக்கரம் வச்சுக் குடுத்துட்டாரு" என்பாள் என் தங்கை. அவள் சொன்னால் மட்டும் நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருநள்ளாற்றுக்குக்கூட அந்த வண்டியில் போய்த் தங்கத்தான் வேண்டும் உங்களுக்கு. சனிப்பெயர்ச்சி என்றால் மதுரை, சேலம், பொள்ளாச்சி என்று எங்கெங்கிருந்தோ நம்மைப் போல வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள் குடும்பத்தோடு வந்து அந்தத் தென்னந்தோப்பில் கூடுவார்கள். நீங்கள் இறங்கியதுமே சூழ்ந்துகொள்வார்கள். ரேடியேட்டர் கொதிக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது, மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது. எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வீர்கள். பெண்டாட்டி கேட்டால் மட்டும் 'உம்' என்பீர்கள்.

அந்த வருடம் பெயர்ச்சியன்று சாயங்காலம் என் தங்கை பிரான்சுக்குப் புறப்படுவதாக இருந்தது. அவள் கணவர் பிரெஞ்சு குடியுரிமைக்காரர். காரைக்காலிலிருந்து டாக்சியில் மெட்ராஸ், அங்கிருந்து விமானம். மதியத்துக்குள் என்னை அவள் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு ஏழு மாதம். கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்களை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

"என்னங்க, கெளம்பலாமா?"

"இதோ, இவரு கிளட்ச மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

கிளட்ச் முடிவதற்குள்தான் அது நடந்தது. யாரோ ஒருவருக்கு யோசனை தோன்றியிருக்கிறது. மனிதனுக்கு எண்ணெய் முழுக்கில் தோஷம் கழியும் என்றால் வண்டிக்குக் கழியாதா? அவர் தன் வண்டிச் சக்கரங்களில் நல்லெண்ணெய் ஊற்ற, அவரைப் பார்த்துத் தோப்பு முழுக்கச் செம்பும் கையுமாக நின்றார்கள். சேலத்துக்காரர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி பிரேக் மிதித்தார். வண்டி நிற்காமல் போய்த் தென்னையில் முட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"எண்ணெ உள்ள எறங்கியிருக்கு. பிரேக் டிரம்ம கழட்டித் தொடைக்காம யாரும் வண்டிய எடுக்காதீங்க" என்றீர்கள்.

"சாமி விசயங்க, ஒண்ணும் ஆவாது."

"சாமி எண்ணெதான் கேட்டாரு. பிரேக்குல ஊத்தச் சொல்லல."

யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியாக உறுமத் தொடங்கியது. தோப்புக்கு ஒரே வழி, வாய்க்கால் மதகு. அதைத் தாண்டினால் ரோட்டுக்கு இறங்கும் சரிவு. ரோடு முழுக்கக் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நடக்கும் ஜனம். நீங்கள் சட்டென்று நம் வண்டியில் ஏறி மதகை நோக்கி ஓட்டினீர்கள். அப்பாடா, புறப்பட்டுவிட்டோம் என்று நான் தலையைக்கூடச் சரிசெய்துகொண்டேன். மதகின் மேல் வண்டியைக் குறுக்கே திருப்பி நிறுத்தினீர்கள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினீர்கள்.

தோப்பே திட்டியது. நானும் திட்டினேன்.

"அவள நான் பாக்கணுங்க. இன்னைக்கி விட்டா எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் எடுத்தா எல்லாவனும் பின்னாடியே வந்துடுவான். கீழ பாரு, புள்ளைங்க நடக்குது."

பார்த்தேன். பிள்ளைகள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அதனால் என் அழுகை நிற்கவில்லை. நீங்கள் உப்புத்தாளும் பெட்ரோல் நனைத்த துணியுமாக அவர்கள் வண்டிகளின் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைக்க உட்கார்ந்தீர்கள். நான் அந்தத் தகரப் பெட்டிக்குள் வெந்துகொண்டிருந்தேன். ஜன்னலில் தெரிந்ததெல்லாம் ரோட்டோரம் அவிழ்த்துவிட்ட ஒரு மாட்டுவண்டியும் அசைபோடும் இரண்டு மாடுகளும்தான். பொழுது இறங்கும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் அவள் போட்டிருந்த கோலத்தின் மேல் டாக்சி ஏறிப்போன தடம் இருந்தது.

அவள் திரும்பி வரவே இல்லை. சில வருடங்களில் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். தந்தி வந்த அன்று நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "அன்னைக்கி நான் வேற என்ன செஞ்சிருக்கணும், சொல்லு" என்றீர்கள். நீங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியென்று தெரிந்த பிறகும் மனம் ஆறவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? நீங்கள் கண்மூடும்வரை நாம் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இன்று அந்தத் தம்பி காரைக் கிளப்பியபோது ஓடிப்போய் அவன் கேட்டுக்குக் குறுக்கே நின்றேன். "சாமி விஷயம் அத்தை, ஒண்ணும் ஆவாது, வழிய விடுங்க" என்றான். வார்த்தைகூட மாறவில்லை. மெக்கானிக் வந்து பார்க்காமல் நகர மாட்டேன் என்றேன். பின்சீட்டில் அவன் பெண்டாட்டி கண் கலங்க உட்கார்ந்திருந்தாள். நாகப்பட்டினத்தில் அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

தெருவில் போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி அவளை ஏற்றி அனுப்பினேன். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கேட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக்குக்குப் போன் செய்தான்.

உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. ரோட்டோரம் அந்த மாட்டுவண்டி நாளெல்லாம் சும்மாதானே நின்றது? அதில் என்னை ஏற்றி அனுப்பலாம் என்று நம் இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்கக் கூடாதாங்க?