அரிசி வாளிக்குப் பின்னால் நல்லெண்ணெய்

தேயிலைத் தோட்டம்,
கம்போங் ராஜா.

மகள் துளசிக்கு,

உன் அப்பா சாம்பசிவம் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நீ புவனேஸைக் கட்டிக்கொண்ட அன்று, இனி வீட்டுப் பக்கம் வராதே என்று கத்திவிட்டு, உன் அழைப்பு வராதபடி உன் நம்பரைக் கைப்பேசியில் அடைத்தவன் நான்தான். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அதைத் திறக்க எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை. பிறரைக் கேட்க வெட்கம்.

இங்கே ஓயாத மழை. அம்மா சுகம்தான். ஆனால் அவள்மேல் எனக்குப் பெரிய சந்தேகம்.

நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் பாமாயில்தான், உனக்கே தெரியும். போன மாதம் அரிசி வாளிக்குப் பின்னால் மூன்று பாட்டில் நல்லெண்ணெய் பார்த்தேன். சாமி விளக்குக்கு என்றாள். இரண்டே நாளில் இரண்டு பாட்டிலைக் காணோம். விளக்குத் திரியோ காய்ந்து கிடந்தது. போதாததற்குப் பூண்டு உரித்து உரித்து ஒளித்து வைக்கிறாள். பால்சுறாக் கருவாடு வேறு. எனக்குத் தெரியாமல் பிரிஞ்சாங் டவுனில் சாப்பாட்டுக் கடை போடுகிறாளோ, இல்லை என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாளோ என்று நானும் குழம்பினேன். தேயிலை ஆலையில் இருபத்தெட்டு வருடமாக இலையை மோந்தே பதம் சொல்கிற மூக்கு, வீட்டுக்குள் வந்தால் வேலை செய்வதில்லை.

போன ஞாயிறு அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்கு வடை ஆசை. பாமாயில் தீர்ந்திருந்தது. எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று, மீதியிருந்த அந்த நல்லெண்ணெயைச் சட்டியில் ஊற்றிக் காய வைத்தேன். மாவைப் போட்டதும் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. புகையில் எனக்கே என் கை தெரியவில்லை. திரும்பி வந்தவள், "அய்யோ, அனுப்ப வச்சிருந்தத நாசம் பண்ணிட்டீங்களே!" என்று அலறிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாருக்கு அனுப்ப என்று கேட்டேன். அடுப்பைத் துடைங்க என்றாள்.

மறுநாள், நீ இருக்கும் ஜோகூர்வரை காய்கறி லோரி ஓட்டுகிற ஜெகதீஸ்வரனைப் பிடித்தேன். ஜோகூருக்கு இப்போதெல்லாம் என்னப்பா ஏற்றுகிறாய் என்றுதான் கேட்டேன். "அண்ணே, சத்தியமா எனக்கு எண்ணெயப் பத்தி ஒன்னும் தெரியாதுலா!" என்றான். நான் எண்ணெய் என்று வாயே திறக்கவில்லை, துளசி.

நல்லெண்ணெய், பூண்டு, பால்சுறா, ஜோகூர். நீ பிறந்தபோது மண் சரிந்து மலைப்பாதை மூடிவிட்டது. உதவிக்கு யாரும் மேலே வர முடியவில்லை. பிள்ளை பெற்ற உன் அம்மாவுக்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லச் சொல்ல, நல்லெண்ணெயில் பூண்டு வதக்கி, பால் ஊறப் பால்சுறாவும் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்தவன் நான். எல்லா எண்ணெயும் ஒன்று என்று வடை சுட்ட அறிவாளியும் நானேதான்.

இதுவரை யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. நான் நினைப்பது தப்பென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. சரியென்றால், இந்தக் கடிதத்தோடு ஜெகதீஸ்வரன் கொண்டுவரும் பெட்டியில் நான் வாங்கிய இரண்டு பாட்டில் நல்லெண்ணெய் இருக்கிறது. இது உனக்கு மட்டும். பூண்டைச் சிறு தீயில் வதக்கு, கருகவிடாதே. புவனேஸுக்கு மீன் பொரிக்கப் பாமாயில் போதும். பிள்ளைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய். ஆனால் கடைக்காரன் பேச்சை நம்பாமல் மூடியைத் திறந்து மோந்து பார், காறல் அடித்தால் வாங்காதே.

இந்தப் பெட்டி போவது அம்மாவுக்குத் தெரியாது. ஜெகதீஸ்வரன் இப்போது இரண்டு பக்கமும் பொய் சொல்கிறான், பாவம்.

ஆணா பெண்ணா என்று கேட்கும் தகுதியை நான் தொலைத்துவிட்டேன். உன் உடம்பு தேறியதும் மூன்று பேரும் மேலே வாருங்கள். மூவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே குளிர் அதிகம். பிள்ளை பிறந்து எத்தனை நாள் என்று தெரியாததால், கம்பளித் தொப்பி மூன்று அளவில் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
சாம்பசிவம்