ஒன்பதில் நிற்கும் முள்

அன்புள்ள இளவரசனுக்கு,

நான் நலம். நீயும் பிருந்தாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்த வயதில் எனக்குக் கார் பந்தய ஆசை வந்துவிட்டதாக உன் மாமியார் சொல்லி வருவது உண்மையல்ல. உன் அப்பாவின் டீசல் கார் மேட்டில் திணறியது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் குழாயில் விரிசல். அதை மாற்றியபோது, மறுபடி நேர்ந்தால் முன்பே தெரியட்டும் என்று டர்போவின் அழுத்தம் காட்டும் மீட்டரையும் இங்கே செஞ்சியிலேயே பொருத்தினேன். அவ்வளவுதான்.

நான் வார்டனாக இருக்கும் விடுதியில் சமைக்கும் மணிமொழிக்கு அடுத்த மாதம் பிரசவம். கணவர் வெளிநாட்டில். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மெக்கானிக் ஜெகதீஷ் மீட்டரின் மெல்லிய குழாயை, இன்ஜினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டு ஓட்டை வழியே ரப்பர் வளையம் இல்லாமல் விட்டிருந்தார். உராய்ந்து அறுந்துவிடாதா? கழற்றி மறுபடி போடச் சொன்னேன்.

"இன்னாம்மா, இது காரா, பரீட்சைப் பேப்பரா?" என்று சிரித்துக்கொண்டே செய்தார்.

முதலில் அவலூர்பேட்டைச் சாலையில் பதினைந்துக்குப் போன முள், கழற்றி மாட்டிய பிறகு ஒன்பதுக்கு மேல் ஏறவில்லை. நேற்று மாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போகையில் மணிமொழி, "முள்ளையே பாக்குறீங்களே மேடம், ரோட்டைப் பாருங்க" என்றாள். ஜெகதீஷிடம் போனால், "நீங்கதானே கழட்டச் சொன்னீங்க" என்பார். போக மனம் வரவில்லை.

அங்கே பீரோவில் இருக்கும் என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. மீட்டரின் எண்கள் சிறியவை. பிருந்தாவின் சாம்பார்ப் பொடியும் கொஞ்சம் வை. ஞாயிறுகளில் விடுதி காலி, எனக்கு மட்டும்தான் சமையல்.

கசிவது மீட்டர் இணைப்பா, டர்போவே போய்விட்டதா? இந்தக் காரில் மணிமொழியை ஏற்றலாமா, கூடாதா? போனில் "வேலையை விட்டுட்டு வாம்மா" என்றே தொடங்குவாய். அதனால் எழுதி அனுப்பு.

அம்மா
வள்ளியம்மை