ஹாரன் அடிக்காத ரயில்

போன வாரம் ஓசூர் பேருந்து நிலையத்தில் ராயக்கோட்டை வண்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து ஒரு கர்ச்சீப் பறந்து வந்து என் மடியில் விழுந்தது. கம்பெனி யூனிபார்ம் போட்ட ஒருவர், "அண்ணா, அத பக்கத்து சீட்ல போட்டுருங்க" என்று கத்திவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். வண்டி எப்போது எடுக்கும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. டிரைவர் ஹாரன் அடிப்பார், ஓடி வந்து ஏறிக்கொள்ளலாம் என்ற தைரியம். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போனவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். நீ உயிரோடு இருந்தபோதே உன்னை நான் திட்டாமல் விட்டதில்லை, இப்போது மட்டும் என்ன வந்தது.

பர்கூரில் நமக்கு இன்ஜினியரிங் கடைசி வருடம். பெங்களூரிலிருந்து கோலாலம்பூருக்குத் தள்ளுபடி டிக்கெட் இருக்கிறது என்று நீதான் கண்டுபிடித்தாய். வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது. நீ, நான், நம் வகுப்பு மாதேஷ். பெட்டி கொண்டுபோனால் தனியாகக் கட்டணம் என்பதால் மாதேஷ் இரண்டு பேன்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு விமானம் ஏறினான். கட்டிச் சென்ற புளியோதரைதான் பாதிச் சாப்பாடு. முன்பின் தெரியாதவர்கள் குறட்டை விடும் பொது அறையில் படுத்துக்கொண்டோம். அதுவரை நாம் தாண்டிய ஒரே எல்லை, ஓசூரை அடுத்து கர்நாடகம் தொடங்கும் அத்திப்பள்ளி.

சிக்கல் ஒன்றுதான். திங்கட்கிழமை காலை உனக்கும் எனக்கும் கேம்பஸ் இன்டர்வியூவின் கடைசிச் சுற்று. நம் வகுப்பில் அதுவரை தேறியிருந்தது நாம் இருவர் மட்டும். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் அப்பா, "பொழப்பே திங்கக்கெழமைல நிக்குது, இப்ப எங்கடா கெளம்புற?" என்று கேட்டார். வேலைக்கு வந்த நாளிலிருந்து காண்ட்ராக்ட்டில் இருப்பவர் அவர். மகன் ஒருவனாவது பெர்மனன்ட் ஆவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. நீ முந்திக்கொண்டு, "ஞாயித்துக்கெழமையே வந்துருவம்ப்பா. இவன கூட்டினு வர்றது என் பொறுப்பு" என்றாய். உன் அம்மாவிடம் மலேசியா முருகன் கோயில் என்று சொன்னாய். முருகன் பெயரைக் கேட்டதும் அவர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஞாயிறு காலை பத்துமலை. படி ஏறுவதற்கு முன்பே குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கண்ணாடியை ஒன்று பிடுங்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்ததும் நீ என் பக்கம் திரும்பினாய். "உன் டிராக் பேன்ட் பாக்கெட்டுக்கு ஜிப்பு கூட இல்ல. பாஸ்போர்ட்ட இங்க குடு" என்று வாங்கி உன் பைக்குள் வைத்தாய். உன்னுடையது உன் ஜீன்ஸின் உள்பாக்கெட்டில் இருந்தது, மாதேஷுடையது அவனுடைய இரண்டு பேன்ட்களில் ஏதோ ஒன்றில். குரங்கிடமிருந்து என் பாஸ்போர்ட்டைக் காப்பாற்றிவிட்டாய். அதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

தரிசனம் முடித்து இறங்கினால், எதிரிலேயே ரயில் நிலையம். அங்கிருந்துதான் ரயில் புறப்படுகிறது. கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டி காலியாக நின்றது. நீ உள்ளே ஓடி, பையை நீளவாட்டில் சீட்டில் கிடத்தி, "மூணு பேருக்கும் எடம் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாய். தண்ணீர் பாட்டில் வாங்கப் போகலாம் என்றாய்.

"நீ உள்ளயே உக்காருடா," என்றேன்.

"எடுக்கறப்ப ஹாரன் அடிப்பாங்க, வா."

ராயக்கோட்டைக்காரனுக்கு உலகம் முழுக்க ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டுதான். பாட்டிலை வாங்கித் திரும்பும்போது, அழைப்பு மணி போல மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. கதவுகள் மூடிக்கொண்டன. நீ ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாய். ரயில் உன்னைச் சட்டை செய்யவில்லை. உன் பை மட்டும் ஜன்னலோரமாகச் சொகுசாகப் படுத்துக்கொண்டு நம் கண்ணெதிரே போனது.

நீ திரும்பியபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. பயம் வந்தால் உனக்கு வீட்டுத் தெலுங்குதான் வாயில் வரும். "தேவுடா, தேவுடா" என்று முணுமுணுத்தாய். பிறகு தமிழில், "உன் பாஸ்போர்ட்டு அதுலதான்டா" என்றாய்.

நிலையத்தில் வேலை பார்த்த அக்கா தமிழ்க்காரர். நீ சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "சீட்டுல பைய போட்டுட்டு எறங்குனீங்களா? ஏன் தம்பி?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான் என்று எப்படி விளக்குவது? அவர் நல்லவர். உடனே போன் போட்டார். "ஆளில்லாத பைய கண்டா போலீஸ கூப்பிட்டுருவாங்க தம்பி. நீங்க கோலாலம்பூர் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போங்க, அங்க கேளுங்க" என்று அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார்.

அந்த ரயிலில் இடம் காலியாகக் கிடந்தும் மூவரும் நின்றுகொண்டே வந்தோம். நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். அறிவு கெட்டவனே என்று தொடங்கி, எங்கெங்கோ போனேன். நீ ஒவ்வொரு நிலையத்திலும் எட்டிப் பார்த்து உன் பையைத் தேடிக்கொண்டிருந்தாய். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சென்ட்ரலில், காணாமல்போன பொருள்களுக்கான கவுன்டரில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். ரயிலைப் பெட்டி பெட்டியாகப் பார்த்துவிட்டார்கள், பை இல்லை என்றாள். யாரோ எடுத்துக்கொண்டு வழியில் இறங்கியிருக்க வேண்டும். தூதரகத்துக்கு ஞாயிறு விடுமுறை. விமான நிலையம் ஊருக்கு வெளியே எங்கோ இருந்தது. அங்கே போகும் பேருந்துகள் கீழ்த்தளத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. நீ அந்தப் பெண்ணிடம் போய்ப் போய்க் கேட்டாய். கடைசியில் உன் தலை தெரிந்ததுமே அவள் கையை விரித்தாள்.

மாதேஷ்தான் வாயைத் திறந்தான். "டேய், இப்பக் கெளம்புலன்னா எங்க ரெண்டு பேருக்கும் பிளைட்டு போயிரும்."

"போங்கடா," என்றேன். உன்னைப் பார்த்து, "நீயாவது இன்டர்வியூக்குப் போ. ரெண்டு பேருக்கும் போறதுக்கு ஒருத்தனுக்காவது கெடைக்கட்டும்" என்றேன்.

"நான் போவல."

"நீ இங்க இருந்து என்னத்தக் கிழிக்கப் போற? பை வந்தா வரும், வரலன்னா வராது."

"ஒண்ணும் கிழிக்கல. போவல, அவ்ளோதான்."

மாதேஷ் தனியாகப் படி இறங்கிப் போனான். நீ பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். நீயும் நகர்ந்து வந்தாய். உன்னுடன் பேசக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். ஆனால் நீ தண்ணீர் வாங்க எழுந்து போன சிறிது நேரத்தில் உன் தலை தெரிகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தேன். மொழி தெரியாத அந்தக் கூட்டத்தில், யார் என்று சொல்லிக்கொள்ள ஒரு தாள்கூட இல்லாமல் தனியாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

நம் விமானம் மேலே ஏறியிருக்கும் நேரத்தில் பை வந்து சேர்ந்தது. ஒரு மலாய்ப் பெரியவர், போலீஸ் தொல்லை வேண்டாம் என்று அதை எடுத்துப்போய், தான் இறங்கிய ஊரின் நிலையத்தில் பத்திரமாக ஒப்படைத்திருந்தார். பாஸ்போர்ட் அப்படியே இருந்தது. அதைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக உன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். நீ வாங்கிக்கொண்டாய்.

கம்பெனிக்காரர்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. அப்பா கைமாற்று வாங்கி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் நாம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ என் வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றாய். அப்பா நகர்ந்து உனக்கு வழி விட்டார். "கூட்டினு வர்றேன்ன, கூட்டினு வந்துட்ட. நாளுதான் தப்பிப்போச்சு. உள்ள வா" என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்பதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

இருவரும் ஓசூரிலேயே ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தோம். ஒருநாள் கேன்டீனில் கேட்டேன்: என் இன்டர்வியூவைக் கெடுத்த பாவத்துக்கா உன்னுடையதையும் விட்டாய்? நீ சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "பாவமும் இல்ல மண்ணும் இல்ல. நீ அங்க தனியா உக்காந்துனு இருந்தா, எனக்கு இங்க இன்டர்வியூல வாயே வந்திருக்காதுடா" என்றாய். நீ பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. ஆனாலும் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உன்னிடமிருந்து தொற்றிக்கொண்ட அந்தப் பிடிவாதம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. போன மழைக்காலத்தில் டெங்கு என்று உன்னை ஐசியுவில் போட்டார்கள். உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்து என்ன பண்ணப்போற சாமி, டூட்டிக்குப் போ" என்றார். போகவில்லை. ஒருவர் இருந்தால் போதும் என்று நர்ஸ் சொன்னார். அப்போதும் போகவில்லை. நீ கண் திறக்கவேயில்லை, நான் இருந்தது உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

உன் காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். "சொல்லாம கொள்ளாம இத்தன நாளு லீவு போட்டிருக்க. நீ என்ன டாக்டரா? அங்க இருந்து என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சார்," என்றேன். "கூட இருந்தேன்."