எந்த வார்டு என்று கேட்டாள்

ஆரணி
திங்கட்கிழமை

அன்பு மகள் அகல்யாவுக்கு, அப்பா வீரபாகு எழுதுவது. நானும் அம்மாவும் லாவண்யாவும் சுகமாக இருக்கிறோம், குவைத்து வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று படவேட்டம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் என்றால் நல்லா இருக்கேன்பா என்று ரெண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறாய், நானும் சரிம்மா என்று விட்டுவிடுகிறேன். எழுதி முடித்ததும் அம்மா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

வீட்டில் ஒரே பேஜார். உன் தங்கை லாவண்யா எந்தப் படிப்பு வேண்டும் என்று வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் வரிசை போட்டு லாக் செய்துவிட வேண்டுமாம், அப்புறம் மாற்றவே முடியாதாம். அவள் காலையில் பிசியோதெரபி என்கிறாள், மத்தியானம் ஸ்கேன் எடுக்கிற படிப்பு என்கிறாள், சோறு போடும்போது பார்மசி என்கிறாள். நர்சிங்கே படியேன், அக்கா படிக்கவில்லையா என்று நான் சொன்னால் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். எனக்குத் தறியில் கால் ஓடவில்லை. சனிக்கிழமை ஊடை நூலை மாற்றிப் போட்டு, நாலு விரல் அளவு நெய்ததைப் பிரித்தேன் என்றால் பார்த்துக்கொள். படிக்கப் போறது அவளா நீங்களா, ஏன் இப்பிடி நடந்துகினே இருக்கீங்க என்று உங்கம்மா திட்டுகிறாள்.

பொறுக்க மாட்டாமல் இன்று காலை பஸ் ஏறி வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. கோட்டு போட்டு யார் வந்தாலும் எழுந்து போய், நீங்க என்னா படிச்சீங்க, மறுபடி படிக்கச் சொன்னா இதையே படிப்பீங்களா என்று கேட்டேன். ஸ்கேன் எடுக்கிற தம்பி படிப்பேன் என்றான். மருந்து கொடுக்கிற அம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குள் வாட்ச்மேன் வந்து, யாரப் பாக்கணும் பெரியவரே, இங்க குந்திகினு எல்லாரையும் மடக்கிகினு இருக்கீங்க என்று எழுப்பிவிட்டான். வாசலில் ஒரு நர்ஸ் டியூட்டி முடிந்து போய்க்கொண்டிருந்தாள், உன் வயசுதான் இருக்கும். அவளிடமும் அதையே கேட்டேன், பாவம், நின்று பேசினாள். என் பெரிய பொண்ணும் நர்சுதாம்மா, குவைத்துல இருக்கா என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியாங்க, எந்த வார்டுல இருக்காங்க என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை அகல்யா. ஆறு வருஷமாக நீ அங்கே இருக்கிறாய். உன் ரூம் எத்தனையாவது மாடி என்று தெரியும், உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணின் ஊர் தெரியும், நாளெல்லாம் நீ யாரைப் பார்த்துக்கொள்கிறாய் என்று தெரியாது. என்னையெல்லாம் ஏன் கேக்குறீங்க, உங்க பொண்ணயே புடிச்சிருக்கான்னு கேக்கலாமே என்று சொல்லிவிட்டு அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஐயோ, எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா. திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணமங்கலம் வரைக்கும் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன்.

உனக்கு நர்சிங் என்று காலேஜ் விண்ணப்பப் பாரத்தில் எழுதியது நான்தான். நீ அன்றைக்கு என்னமோ சொல்ல வந்தாய், ஜல்தியா கையெழுத்துப் போடும்மா, சீட்டு போயிடும் என்று வாயை அடைத்துவிட்டேன். என்ன சொல்ல வந்தாய் என்று இப்போதாவது எழுது. லாவண்யாவுக்குத் தெரிந்திருக்கும் போல, எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. அந்த வேலை பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று எழுது, பிடிக்கவில்லை என்றால் அப்பா மனசு நோகுமே என்று மறைக்காதே, நோகட்டும். தங்கையின் வரிசையை அவளே போட்டுக்கொள்வாள், நான் பிரவுசிங் சென்டர் வாசலோடு நின்றுகொள்கிறேன்.

நீ தீர்க்காயுசாக, மனநிறைவாக இருக்க வேண்டும் கண்ணு. வேளைக்குச் சாப்பிடு. வியாழக்கிழமை கெடு லாவண்யாவுக்குத்தான், உனக்கு இல்லை, யோசித்தே எழுது. ஆனால் எந்த வார்டு என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடு.

உன்னைக் கேட்க ஆறு வருஷம் தாமதித்த அப்பா,
வீரபாகு