மாவுச் சல்லடையில் ஒரு பந்தயம்

மார்ச் 4

சுண்டுவிரலால் மலையைத் தள்ளப் புறப்பட்ட என் மருமகளுக்கு,

ஏழு கடலுக்கு இப்புறமும் அப்புறமும் புத்தகம் கட்டுவதில் நிகரில்லாத சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் எழுதுவது. போனில் பேசலாம்தான். ஆனால் நான் ‘ஹலோ’ என்றதும் உன் அம்மாவின் காது சமையலறையிலிருந்து புறப்பட்டு என் பட்டறை வரை வந்துவிடுகிறது. என் கையெழுத்தோ எனக்கே புரியாது. ஆகவே கடிதம்தான் பாதுகாப்பு.

நீ தனி அறைக்குப் போய் இருபது நாள் ஆகிறது. அக்கா வெங்காயம் நறுக்குகிற வேகத்தில் இதுவரை மூன்று பலகைகள் பிளந்துவிட்டன. உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். நான் தூதன். அக்கா சொன்னதை ஒரு எழுத்து குறைக்காமல் தருகிறேன்: “அவ சோறு வெச்சா சோறாவா வரும்? சுவரொட்டி ஒட்டற பசைதான் வரும். இவ தனியா இருந்து கிழிக்கப் போறாளாக்கும்!”

அதனால் ஒரு பந்தயம். பதினெட்டாம் தேதி, ஞாயிறு மதியம், அக்கா உன் அறைக்கு வருவாள். வாயில் வைக்கும்படி ஒரு தட்டுச் சோறு போட்டாயானால் நீ அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

என் யோசனை: நிறையத் தண்ணீர் விடு. தண்ணீர் விட்டுக் கெட்ட சோறு உலகத்திலேயே கிடையாது.

இப்படிக்கு,
தாள்களின் தலைவன், கோந்துகளின் கோமகன்,
உன் மாமா

மார்ச் 7

மாமாவுக்கு,

தண்ணீர் விட்டுக் கெட்ட சோறு இருக்கிறது. இப்போது என் அடுப்பின் மேல் இருக்கிறது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன் மாமா. மயிரிழை பிசகினால் போட்டுக்கொள்கிற ஆளுக்குத் தலை சுற்றும். அதைப் பிசகாமல் செய்கிற கைக்குச் சோறு மட்டும் வராதாம்!

சரி, பந்தயம் என்றால் பந்தயம். ஆனால் அரிசி என் இஷ்டம். கடையில் என் பக்கத்து மேசைக்காரி ஒட்டும் அரிசி ஒரு பொட்டலம் கொடுத்தாள். வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்புத் துண்டு மாதிரி. பருக்கையோடு பருக்கை ஒட்டுவதற்கென்றே பிறந்த அரிசியாம். என் சோறு ஒட்டுகிறது என்றுதானே வீடே சிரிக்கிறது? ஒட்டுகிற சோற்றையே வைக்கிறேன். யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம்.

உங்கள் பேச்சைக் கேட்டு நிறையத் தண்ணீரில் வேக வைத்தேன். கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் சேர்ந்து வருகிறது. பார்க்க வந்த மேசைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏய், அத தண்ணில போடக் கூடாதுடி! ஊற வெச்சு, வடிச்சு, ஆவியில வேக வைக்கணும்” என்றாள்.

ஆவிக்கென்று தனிப் பாத்திரம் வாங்க மாட்டேன். வாங்கினால் அம்மா, “பாத்திரம் சமைச்சுது, இவ பக்கத்துல நின்னா” என்பாள். என்னிடம் ஒரு அடுப்பு, ஒரு குண்டான், ஒரு மாவுச் சல்லடை, ஒரு தட்டு இருக்கின்றன. போதும். சல்லடைக்குள் விரிக்க மெல்லிய துணி மட்டும் வேண்டும். உங்கள் பட்டறையில் இருக்குமே?

மருமகள்

மார்ச் 10

படை திரட்டும் பத்ரகாளிக்கு,

துணியா கேட்டாய்? என் பட்டறையில் இருக்கிற துணியைப் பிரித்து விரித்தால் நிலாவுக்கு உறை தைக்கலாம். புத்தக முதுகில் ஒட்டுகிற வலைத்துணி இரண்டு முழம் இத்துடன் வைத்திருக்கிறேன். கொசு நுழையாது, ஆவி நுழையும். நான் கட்டிய அகராதி ஒன்று இதன் பலத்தில் மூன்று தலைமுறை மாணவர்களைத் தாங்கி, நாலாவது தலைமுறையைத் தலையில் அடித்தது.

அந்தப் பசையைக் கொட்டிவிடாதே. டப்பாவில் அடைத்து அனுப்பு. உன் பெயரில் விற்பனைக்கு விடுகிறேன்.

அக்கா உன் பெயரை எடுப்பதில்லை. “அங்க” என்கிறாள். “அங்க மழையாமே?” “அங்க தண்ணி நல்லா வருதாமா?” இந்த வீட்டில் ‘அங்க’ என்று ஒரு நாடே உருவாகிவிட்டது.

உன் துணி விநியோக அமைச்சர்,
மாமா

மார்ச் 14

மாமா,

அமைச்சர் பதவியை உடனே ராஜினாமா செய்யுங்கள்.

அந்தத் துணி விறைப்பாக நிற்க அதில் கஞ்சியும் கோந்தும் ஏற்றியிருப்பார்களாமே! ஆவி பட்டதும் எல்லாம் இளகி அரிசியில் இறங்கிவிட்டது. சோற்றை வாயில் வைத்தால் பழைய பாடப்புத்தகத்தைக் கடித்த மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் அந்தத் துணியோடு வாழ்ந்தவருக்கு இது தெரியாதா?

பழைய தலையணை உறையைக் கிழித்து, வெந்நீரில் இரண்டு முறை கொதிக்க விட்டுக் காய வைத்தேன். காலையில் வேலைக்குப் போகும்போது அரிசியை ஊறப் போட்டேன். மாலையில் வடித்து, குண்டானில் நாலு விரல் தண்ணீர் கொதிக்க வைத்து, மேலே சல்லடை, அதில் துணி, துணியில் அரிசி. தண்ணீர் சல்லடையைத் தொடவே கூடாது. மூடி இல்லாததால் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, “என்னம்மா, சமைக்கறியா, சட்டைக்குப் பெட்டி போடறியா?” என்று கேட்டார்.

அடியில் இருந்தது பளபளவென்று கண்ணாடி மாதிரி வெந்தது. மேலே இருந்தது நறநறவென்று அப்படியே நின்றது. பாதியில் துணியோடு தூக்கிப் புரட்டிப் போட வேண்டும் போலிருக்கிறது. இன்னும் மூன்று மாலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாலையும் வைப்பேன். தோற்றுப் போய்ப் பெட்டி கட்ட மாட்டேன்.

மருமகள்

மார்ச் 19

மாமா,

அம்மா வந்தாள். சோறு எப்படி வந்தது என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை.

தட்டை முன்னால் வைத்தேன். கை வைப்பதற்கு முன், “பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?” என்றாள். “உன் பந்தயத்த மறப்பேனாம்மா?” என்றேன். “என் பந்தயமா? உன் மாமன் கிளப்பினதுதானே? ‘அவ எப்படியும் தோத்துடுவா, பெட்டியோட கூட்டிட்டு வந்துடு’ன்னு அவன்தான் சொன்னான்” என்றாள்.

தட்டைக் கையால் மூடினேன். “பசிக்கு சாப்பிடறதுன்னா சாப்பிடும்மா. தீர்ப்பு சொல்லத்தான் சாப்பிடறேன்னா தட்டை எடுத்துடறேன். இது கரிஞ்சிருந்தாலும் சரி, கல்லா இருந்தாலும் சரி, நான் இங்கதான் இருப்பேன். சோறு நல்லா வந்ததுக்காக இல்ல, இருப்பேன்னு நான் சொல்றதுக்காக” என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு என் கையை விலக்கிவிட்டுச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். போய்விட்டாள்.

என் குடித்தனத்தை ஒரு தட்டில் வைத்துப் பந்தயம் கட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தத் துணியையும் தெரிந்துதான் அனுப்பினீர்களா? பதில் எழுத வேண்டாம்.

மார்ச் 22

மருமகளே,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பிறகு நீ படிக்காமல் கிழித்தாலும் சரி.

துணி என் முட்டாள்தனம். பட்டறையில் சோறு சமைத்துப் பார்த்தவன் இல்லை நான். பந்தயம் என் வேலைதான். அது இல்லாவிட்டால் அக்கா உன் வாசலை மிதித்திருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நீ தோற்று வந்தால் இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை கிடைக்கும் என்பது மீதிப் பாதி. என் கதைகளை நம்பாமல் உட்கார்ந்து கேட்க வேறு ஆள் இல்லை. அதற்காக நீ தோற்பாய் என்று பந்தயம் கட்டியிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு.

ஞாயிறு மாலை வந்ததிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. சோற்றைப் பற்றிக் கேட்டால் முறைக்கிறாள். இன்று காலை ஸ்பேனரோடு இங்கே உன் பழைய அறைக்குள் போய், உன் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் வண்டியில் உன்னிடம் வருகிறது. இறக்குவதற்கு இரண்டு ஆள் சொல்லி வை.

“என்னக்கா இது, அந்தச் சின்ன அறைக்குள்ள இவ்வளவு பெரிய கட்டில் எப்படி நுழையும்?” என்று கேட்டேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வாசல முழம் போட்டு அளந்துட்டுதான் வந்தேன். நுழையும். அந்தப் பக்கம் பிடி” என்றாள்.

பிடித்தேன்.

மாமா