வெண்டல் வீட்டுப் பின்னறை

2015 மார்ச் 4, புதன்
தீர்மானம் மூன்றுக்கு இரண்டு ஓட்டில் நிறைவேறிவிட்டது. ஜூலையிலிருந்து எங்கள் ஊருக்கென்று சொத்து மதிப்பீட்டு அலுவலகம் கிடையாது. எல்லாம் கவுண்டி, அதாவது மாவட்ட அலுவலகத்தோடு சேர்கிறது. இருபத்திரண்டு வருஷம் நான் ஒருத்தியாகப் பார்த்த வேலை. "உனக்கும் அங்க ஒரு மேஜை போட்டுத் தருவாங்க டெல்பா" என்றார் ஊர்த் தலைவர். பெரிய மனசுதான்.

ஜூன் 12
வீட்டுக்கு ஒன்றாக வைத்திருக்கும் மதிப்பீட்டு அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கினோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் பென்சில் குறிப்பு. வெண்டல் கிம்பலின் அட்டையில்: 'பின்னறை முடிந்துவிட்டது. வெளிச்சுவருக்குப் பலகை மட்டும் அடிக்கவில்லை. மனைவி நெட்டிக்குப் பக்கவாதம். முடியாத கட்டடம் என்றே இருக்கட்டும்.'

ஊரில் பாதிப் பேர் வெளிச்சுவரை இப்படித்தான் அரைகுறையாக விட்டுவைத்திருக்கிறார்கள். முடியாத கட்டடத்துக்கு வரி குறைவு. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஊர் அலுவலக எழுத்தர் ஜின்னி ரப்பரை நீட்டினாள். "அழிச்சுத் தொலைடி. கவுண்டிக்காரங்க கண்ணுல பட்டா வம்பு."

சட்டப்படி அழிக்கக் கூடாது என்றேன். சட்டமாவது மண்ணாவது! ஒவ்வொரு வீட்டையும் நான் எப்படி அறிந்து வைத்திருக்கிறேன் என்று கவுண்டிக்காரர்கள் பார்க்கட்டும் என்கிற திமிர்.

ஆகஸ்ட் 20
புது மேலதிகாரி பிரெண்ட், முப்பது வயதுகூட இருக்காது, அட்டைகளோடு வந்தான். "அருமையான குறிப்புங்க மேடம். எங்களுக்கு மூணு வருஷ வேலை மிச்சம்." குறிப்புள்ள எல்லா வீடுகளுக்கும் ஆள் அனுப்பப் போகிறானாம்.

2016 மே 24, செவ்வாய்
முறையீட்டு நாள்; மதிப்பீட்டை ஏற்காதவர்கள் குழுவிடம் வந்து மனு சொல்லலாம். வெண்டலின் வீட்டு மதிப்பு ஏறக்குறைய இரு மடங்கு ஆகியிருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து குழுவின் முன்னால் நின்றார். குழுவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான்.

"நெட்டியால மாடி ஏற முடியலைங்க, அதுக்குத்தான் கீழ அந்த ரூம். யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. டெல்பா, நீயாவது எடுத்துச் சொல்லும்மா."

நான் என்ன சொன்னேன்? எழுதுடி, என்ன சொன்னே? "ஃபைல்ல இருக்கறதுதான் வெண்டல்." அவ்வளவுதான்.

மனு தள்ளுபடி.

மே 25
விடுப்பு. எழுந்திருக்கவே இல்லை.

அக்டோபர் 6
பின்னறையை இடித்துவிட்டதாக வெண்டல் அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். போய்ச் சரிபார்த்து வரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். உனக்குத்தானே அந்த வீடு தெரியும் என்றார்கள்.

புல்தரையில் உடைத்த பலகைகள். கடப்பாரையால் தானே இடித்திருக்கிறார். நெட்டியைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டாகிவிட்டது.

"ரூமை வச்சிருந்தா வரி கட்ட முடியாம வீடு போயிருக்கும். இடிச்சா அவளுக்கு இடமில்ல" என்றார். "அவகிட்டயே கேட்டேன். இடிச்சுடுங்கன்னா."

மிச்சமிருக்கும் வீட்டை அளக்க வேண்டும். டேப்பின் மறுமுனையை அவரே போய்ப் பிடித்துக்கொண்டார்.

"வெண்டல், அந்தக் குறிப்பு..."

"தெரியும். ஜின்னி சொன்னா. நல்லா இழுத்துப் பிடி, டேப் தொய்யுது."

இழுத்துப் பிடித்தேன்.