இருவருக்கான ஸ்பிரிங்

12 ஜூன் 2025, வியாழக்கிழமை. குன்னூர்.

காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளைத் தேர்ந்தெடுக்க இன்று காலை வெலிங்டனில் உள்ள பட்டறைக்குச் சென்றேன். கோத்தகிரிச் சாலையின் வளைவுகளில் என் சிறிய கார் அதிகமாகச் சாய்கிறது. அதைச் சரிசெய்யும்படி மூன்று ஆண்டுகளாகக் கேட்டுவந்தவள் என் மனைவி ஸ்டெல்லா. வளைவுதோறும் அவளுக்குக் குமட்டும். மே 3ஆம் தேதி அவள் இறந்தாள். இன்றோடு நாற்பது நாள்கள்.

பட்டறைக்காரர் அன்வருக்கு என்னை இதற்கு முன் தெரியாது. "வண்டியில வழக்கமா எத்தனை பேருங்க போவீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர்" என்றேன். ஏன் அவ்வாறு சொன்னேன் என்று தெரியவில்லை.

என்னை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, பக்கத்து இருக்கையில் ஒரு தேயிலை மூட்டையை வைத்து, அது சரியாதிருக்க சீட் பெல்ட்டும் மாட்டினார். "ஊட்டுல அம்மாகிட்டச் சொல்லிராதீங்க சார், மூட்டையாக்கிட்டானேன்னு கோவிச்சுக்குவாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தார்.

"ரெண்டு பேர்னா முப்பது மில்லிமீட்டர் இறக்குனாப் போதுங்க. ஒருத்தர்னா நாப்பது இறக்கலாம், வளைவுல இன்னும் நல்லா நிக்கும். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, ஆர்டர் போட்டுடறேன்."

மாலை ஐந்து பத்துக்கு, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் தொலைபேசியில் அழைத்தேன். "முப்பதே போட்டுருங்க" என்றேன்.

"அம்மா சரின்னாங்களா?"

"சரின்னுட்டா."

19ஆம் தேதி, வியாழக்கிழமை, பொருத்துகிறார். ஓட்டிப் பார்க்க இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்.